பூட்டிய ஆடுதளமும் ஒரு சிரிப்புப் படமும்: தெல்லிப்பழையிலிருந்து டிஸ்கோ காலத்தைப் பார்த்தல்

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ‘ரோல் பவுன்ஸ்’ என்ற படம் எமது ஊர்களில் அதிகம் பேசப்பட்டதல்ல. மல்கம் டி. லீ இயக்கிய நகைச்சுவைப் படம் அது. 1978ஆம் ஆண்டின் கோடைகாலம், சிக்காகோ நகரின் தெற்குப் பகுதி, கறுப்பின இளைஞர்கள் சிலர், கால்களில் சில்லுப் பூட்டிய சப்பாத்து, காதுகளில் டிஸ்கோ இசை. மேலோட்டமாகப் பார்த்தால் கதை இவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பெறாமகள் ஒருத்தி தனது மடிக்கணினியில் போட்டுக் காட்டியதால்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். நன்றாகச் சிரிக்க வைத்தது. ஆனால் படத்தின் தொடக்கத்திலேயே வரும் ஒரு விடயம் என்னைச் சிரிப்போடு விட்டுவிடவில்லை. அந்தப் பிள்ளைகள் சிறுவயது முதல் ஆடிவந்த தளம் மூடப்படுகிறது. அவர்கள் பேருந்தேறி, தங்களை மதிக்காத வேறொரு பகுதியின் தளத்துக்கு ஆடப் போகிறார்கள். தெல்லிப்பழையில் பிறந்து வளர்ந்து, 1990 ஜூனில் ஊரை விட்டு வெளியேறிய என்னைப் போன்ற ஒருவருக்கு இது அமெரிக்கக் கதையாக மட்டும் தெரியாது.

இந்த வகைப் படங்கள் எங்கிருந்து வந்தன, அதே காலத்தின் டிஸ்கோ தமிழுக்கு எப்படி வந்தது, அது வந்த ஆண்டுகளில் எங்கள் ஊர்கள் எப்படி இருந்தன என்பவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

சில்லுச் சப்பாத்தின் வரலாறு

சில்லுச் சப்பாத்தை 1760களில் லண்டனில் அணிந்து காட்டியவர் இன்றைய பெல்ஜியத்தில் பிறந்த ஜோசப் மெர்லின். விருந்தொன்றில் வயலின் வாசித்தபடி சப்பாத்தில் ஓடிவந்தவர், நிறுத்தவும் திருப்பவும் வழியில்லாமல் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதினார், கண்ணாடியும் உடைந்தது, வயலினும் உடைந்தது என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆக, இந்தச் சப்பாத்தோடு சிரிப்பும் பிறந்துவிட்டது.

1863இல் நியூயோர்க்கில் ஜேம்ஸ் பிளிம்டன் என்பவர் நான்கு சில்லுச் சப்பாத்தைத் திருத்தி அமைத்தார். உடலைச் சற்றுச் சாய்த்தால் சப்பாத்து அந்தப் பக்கம் திரும்பும். விழாமல் வளைந்து ஓட முடிந்த பிறகே இது பொதுமக்களின் பொழுதுபோக்கானது. சார்ளி சப்ளின் 1916இல் ‘த றிங்க்’ என்ற குறும்படத்தையே இந்தச் சப்பாத்தை வைத்து எடுத்தார். 1936இல் வந்த ‘மொடர்ன் டைம்ஸ்’ படத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு, தடுப்பில்லாத மேல்மாடி விளிம்பில் அவர் சறுக்கி விளையாடும் காட்சியை இன்றும் பதறாமல் பார்க்க முடியாது.

1970களில் இரும்புச் சில்லுக்கும் மரச் சில்லுக்கும் பதிலாகப் பொலியூரித்தேன் என்ற நெகிழிப் பொருளால் செய்த சில்லுகள் பரவின. சத்தம் குறைந்தது, தரையில் பிடிப்புக் கூடியது. அதே காலத்தில்தான் டிஸ்கோ இசையும் எழுந்தது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடிகள், இடையில் தளராத ஒரே சீரான தாளம், ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டை இணைத்துவிடும் இசைத்தட்டு இயக்குநர். வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இசை வேறில்லை.

டிஸ்கோ, நியூயோர்க்கின் இரவு விடுதிகளில் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்கக் குடியேறிகளும் ஒருபாலீர்ப்பினரும் கூடி வளர்த்த இசை. வேறு இடங்களில் தள்ளிவைக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஆடுதளம் அது. சில்லுச் சப்பாத்துத் தளங்களின் வரலாறும் அப்படியே. பல தளங்கள் கறுப்பினத்தவரை அனுமதிக்கவில்லை. அனுமதித்த சில இடங்களும் வாரத்தில் ஓர் இரவை மட்டுமே ஒதுக்கின. சிக்காகோவின் ‘வைற் சிற்றி’ தளத்தின் வாசலில் 1940களிலேயே மறியல் போராட்டம் நடந்தது. 1963 ஓகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வோஷிங்டன் பேரணிக்கு, லெட்ஜர் ஸ்மித் என்ற கறுப்பினக் கலைஞர் சிக்காகோவிலிருந்து ஏறக்குறைய 1,100 கிலோமீற்றரைச் சில்லுச் சப்பாத்திலேயே பத்து நாட்களில் கடந்து சென்றார்.

தளத்தைக் காப்பாற்றும் படங்கள்

1977 டிசெம்பரில் ஜோன் ட்ரவோல்டா நடித்த ‘சற்றர்டே நைற் ஃபீவர்’ வெளியாகி உலகெங்கும் டிஸ்கோவைக் கொண்டுசேர்த்தது. அதன் வெற்றியைப் பின்தொடர்ந்து சில்லுச் சப்பாத்தையும் டிஸ்கோவையும் சேர்த்த படங்கள் வரிசையாக வந்தன. 1979இல் வந்த ‘ஸ்கேற்றவுண் யூ.எஸ்.ஏ.’ ஒரு நகைச்சுவைப் படம். பின்னாளில் பெயர்பெற்ற பற்றிக் ஸ்வேய்சி அதில்தான் அறிமுகமானார். அதே ஆண்டில் லிண்டா பிளேயர் நடித்த ‘ரோலர் பூகி’ வந்தது. 1980இல் ஒலிவியா நியூட்டன் ஜோனும் முதிய நடனக் கலைஞர் ஜீன் கெலியும் நடித்த ‘ஸனடு’ வந்தது.

இந்தப் படங்களை விமர்சகர்கள் பெரிதாக மதிக்கவில்லை. கதை மெல்லியது, பாட்டுகள்தான் மிச்சம் என்றார்கள். ஆனால் அவற்றில் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வருகிறது. ‘ரோலர் பூகி’யில் இளைஞர்களின் தளத்தை அமைந்திருக்கும் காணிக்காகப் பறிக்க ஒரு கும்பல் முனைகிறது, பிள்ளைகள் சேர்ந்து அதைக் காப்பாற்றுகிறார்கள். ‘ஸனடு’வில் கைவிடப்பட்ட பழைய மண்டபம் ஒன்றைத் திருத்தி ஆடுதளமாக்குகிறார்கள். அந்த மண்டபமாகப் படத்தில் காட்டப்பட்ட லொஸ் ஏஞ்சலஸ் நகரின் பான் பசிபிக் மண்டபம் 1989இல் எரிந்து போனது. ‘ரோல் பவுன்ஸ்’ படத்தில் தளம் காப்பாற்றப்படுவதில்லை. மூடப்பட்டது மூடப்பட்டதுதான்.

இதனாலேயே 2005இல் வந்த அந்தப் படம் முன்னைய படங்களை விட ஆழமாக நிற்கிறது. பௌ வௌ என்ற பாடகர் நடித்த எக்ஸ் என்ற இளைஞன் தாயை இழந்தவன். சி மக்பிரைட் நடித்த தந்தை வேலையை இழந்தவர்; அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாதவர். வீட்டில் துக்கம் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச்சு இல்லை. தாயின் காரை முன்வைத்துத் தந்தையும் மகனும் மோதும் காட்சியில் படம் முழுவதும் அடக்கிவைத்த அழுகை வெளியே வருகிறது. அதன் முன்னும் பின்னும் நண்பர்களின் நையாண்டி, பெரிய தலைமுடி, மினுங்கும் உடுப்பு, போட்டி, விழுகை. துக்கமும் கேலியும் ஒரே வீட்டுக்குள் இருப்பதை இந்தப் படம் மறைக்கவில்லை. செத்தவீட்டு முற்றத்தில் இருந்துகொண்டு பகிடி விடும் எங்கள் பெரியவர்களைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

தமிழுக்கு வந்த டிஸ்கோ

அமெரிக்காவில் டிஸ்கோ தளர்ந்துகொண்டிருந்தபோதுதான் எங்கள் பக்கம் அது வேரூன்றியது. 1980இல் வந்த ‘குர்பானி’ என்ற ஹிந்திப் படத்தில், லண்டனில் வாழ்ந்த பாகிஸ்தானியச் சிறுமி நாசியா ஹசன், பிட்டுவின் இசையில் பாடிய பாட்டு இந்திய உபகண்டம் முழுவதும் பரவியது. 1982இல் மிதுன் சக்கரவர்த்தி நடித்த ‘டிஸ்கோ டான்சர்’ பப்பி லஹிரியின் இசையோடு வந்து, சோவியத் ஒன்றியம் வரை ஓடியது.

அதே 1982இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘சகலகலா வல்லவன்’ வந்தது. இளையராஜாவின் இசையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாட, கமலஹாசன் ஆடிய அந்தப் புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசெம்பர் 31 நள்ளிரவில் தமிழர் வாழும் எல்லா நாடுகளிலும் ஒலிக்கிறது. 1983இல் ரி. ராஜேந்தரின் ‘தங்கைக்கோர் கீதம்’ படத்தில் நாகேஷின் மகன் ஆனந்த்பாபு அறிமுகமானார். உடம்பில் எலும்பு இருக்கிறதா என்று கேட்க வைத்த ஆட்டம் அவருடையது. 1985இல் ‘டிஸ்கோ டான்சர்’ தமிழில் ‘பாடும் வானம்பாடி’யாக வந்தபோது நாயகனும் அவரே. ‘டிஸ்கோ’ என்பது ஒரு நடிகையின் பெயருக்கு முன்னொட்டாகவே ஆனது; டிஸ்கோ சாந்தியை அறியாதவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு.

டிஸ்கோ வந்த அளவுக்குச் சில்லுச் சப்பாத்து எங்களிடம் வரவில்லை. அதற்குக் காரணம் எளிது. அதற்கு விரிந்த, வழுவழுப்பான தரை வேண்டும். காங்கேசன்துறையில் 1950 முதல் சீமெந்து ஆலை இயங்கியது. தெல்லிப்பழைப் பிள்ளைகளுக்கு அதன் புகைபோக்கி தெரியும், சங்கொலி தெரியும். ஆனால் அந்தச் சீமெந்தில் எங்களுக்கென்று ஓர் ஆடுதளம் எழவில்லை. எங்கள் சில்லுகள் சைக்கிளோடு நின்றுவிட்டன.

எங்கள் ஆடுதளம்

அதற்காக நாங்கள் ஆடாமல் இருந்தோம் என்று எவரும் எண்ண வேண்டாம். டிஸ்கோ வருவதற்கு முன்னரே இலங்கைத் தமிழர்களிடம் சொந்தமாக ஒரு துள்ளல் இசை இருந்தது. போர்த்துக்கேயர் காலத்து வேர்களைக் கொண்ட பைலாவின் தாளத்தைத் தமிழோடு சேர்த்துப் பொப்பிசை பிறந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டும், ஏ.ஈ. மனோகரன் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’யும் இலங்கை வானொலி வழியாகப் பாக்குநீரிணையைக் கடந்தன. ‘சுராங்கனி’ மெட்டு 1977இல் இளையராஜாவின் இசையில் தமிழகப் படமொன்றிலும் இடம்பிடித்தது. பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்ட மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

ஆடுதளம் எங்கே இருந்தது என்றால், கோயில் வீதியில் இருந்தது. திருவிழா இரவில் மேளக் கச்சேரி முடிந்த பிறகு மின்கிற்றாரோடும் டிரம்ஸோடும் இசைக்கோஷ்டி மேடையேறும். முன்வரிசையில் பெரியவர்கள் பாயில் இருப்பார்கள். பின்னால், வெளிச்சம் எட்டாத இடத்தில், பெல்பொட்டம் அணிந்த பெடியள் மணலைக் கிளறி ஆடுவார்கள். விடிந்தால் அந்த இடம் உழுத தோட்டம் போலக் கிடக்கும்.

சிரிப்புப் படமும் எங்களிடம் இருந்தது. இலங்கை வானொலியில் புகழ்பெற்ற ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடர் நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமானது. மரிக்காராக எஸ். ராம்தாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீட். முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் எல்லாம் ஒரே படத்தில் ஒன்றையொன்று கேலிசெய்துகொண்டன. கேலி செய்தவர்கள் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். ஏழு ஆண்டுகளில் இந்த நாட்டில் அது கற்பனைக்கும் எட்டாததாகிவிட்டது.

அதே ஆண்டுகள்

திகதிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1979 ஜூலை 12ஆம் திகதி சிக்காகோவின் கொமிஸ்கி விளையாட்டரங்கில், இரண்டு பேஸ்போல் ஆட்டங்களுக்கு இடையில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில் இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. கறுப்பினத்தவரின் இசை மீதான வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். அதே மாதத்தில்தான் இலங்கை நாடாளுமன்றத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது.

‘ஸனடு’ வந்த மறு ஆண்டு, 1981 மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ‘சகலகலா வல்லவன்’ வந்து ஓராண்டு முடிவதற்குள் 1983 ஜூலை வந்தது. அந்த ஜூலையில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது. படச்சுருள்களும் அதோடு போயின. ‘பாடும் வானம்பாடி’ வந்த 1985இல் வடக்கில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் காணாமல் போயிருந்தார்கள். சிலர் இயக்கங்களுக்கு, சிலர் சிறைக்கு, சிலர் வெளிநாட்டுக்கு.

இந்த ஆண்டுகளில் நாங்கள் சிரிக்கவில்லையா என்று கேட்டால், சிரித்தோம் என்பதே உண்மை. ரிவியும் டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை முழுவதும் காசு சேர்த்து, ஒரே இரவில் மூன்று நான்கு படங்கள் பார்த்தோம். மூன்றாவது படத்தில் பாதிப்பேர் நித்திரை. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினார்கள். யாழ்தேவி நின்றது. சீமெந்து ஆலை நின்றது. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய யூனியன் கல்லூரியும், 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கிய மகாஜனாக் கல்லூரியும் சொந்த மண்ணை விட்டு வேறிடங்களில் இயங்க வேண்டி வந்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றானது.

அந்த இருட்டில்தான் எங்கள் சில்லு இசைக்குத் துணை வந்தது. சைக்கிளை நிறுத்தி வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து ரேப் ரெக்கோடரை இயக்கினோம். மிதிப்பவர் களைத்தால் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் இழுபட்டுக் கிணற்றுக்குள் இறங்கும். உற்சாகம் வந்து வேகமாக மிதித்தால் கமலின் ஆட்டப் பாட்டு கீச்சுக் குரலாகும். சுற்றியிருப்பவர்கள் ‘மிதியடா’ என்றும் ‘மெல்லடா’ என்றும் கத்துவார்கள். அமெரிக்காவில் இசைக்கேற்பச் சில்லு உருண்டது. எங்களிடம் சில்லு உருண்டால்தான் இசை வந்தது.

இதைவிடச் சிறந்த நகைச்சுவைக் காட்சி எந்த டிஸ்கோ படத்தில் இருக்கிறது?

பழைய காலத்தைப் படமாக்க என்ன வேண்டும்

கடந்துபோன ஒரு காலத்தைச் சிரிப்போடு திரும்பிப் பார்க்கும் படங்கள் தமிழிலும் வருகின்றன. 1980ஆம் ஆண்டின் மதுரையைத் திரும்பக் கட்டியெழுப்பிய ‘சுப்பிரமணியபுரம்’ 2008இல் வந்தது. அது துயரக் கதை. 1975க்கும் 1995க்கும் இடையில் தொலைபேசி வழியே ஓடும் ‘மார்க் ஆண்டனி’ 2023இல் வந்தது. அது முழுக்கவே கூத்து. இப்படிப்பட்ட படமொன்றை எடுப்பதற்குக் கலை இயக்குநருக்குச் சான்றுகள் தேவை. அன்றைய சட்டைக் கொலர் எவ்வளவு அகலம், படமாளிகை வாசலில் என்ன எழுதியிருந்தது, கசெற் உறை எந்த நிறம், பேருந்துப் பற்றுச்சீட்டு எப்படி இருந்தது என்பவற்றைப் பழைய படங்களையும் பொருட்களையும் பார்த்தே அமைப்பார்கள். சிக்காகோவில் அவை வீட்டுப் பரண்களில் கிடந்தன. மதுரையில் அல்பங்களில் இருந்தன.

எங்கள் பரண்கள் எங்கே? ஊரை விட்டு ஓடும்போது அடையாள அட்டையையும் உறுதியையும் எடுத்தவர்கள் கலியாண அல்பத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அல்பத்தை எடுத்தவர்களும் 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் வெளியேறிய இரவில், மழையில், அதை எங்கோ வைத்துவிட்டு நடந்தார்கள். வன்னிக்குக் கொண்டுபோனவர்கள் 2009இல் அங்கே இழந்தார்கள். உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து காணி திரும்பக் கிடைத்தபோது பலருக்கு அங்கே வீட்டின் கூரையே இல்லை. பரணைப் பற்றிக் கேட்பதில் என்ன பயன்? 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை புகையிரதம் மீண்டும் ஓடியது. தெல்லிப்பழை நிலையத்தில் இறங்கியவர்களால் தங்கள் ஒழுங்கையைக் கண்டுபிடிக்க முடிந்தது. தங்கள் இருபது வயதைக் கண்டுபிடிக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

எங்களது இழப்புகளை நாங்கள் பட்டியலிட்டு வருகிறோம். இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், பறிபோன காணிகள். அந்தப் பட்டியல்கள் அவசியம். நீதிக்கு அவை வேண்டும். அவற்றோடு, அந்த மனிதர்கள் எதற்குச் சிரித்தார்கள், எந்தப் பாட்டுக்கு ஆடினார்கள் என்பதும் பதிவாக வேண்டும். பெயரும் திகதியும் மட்டும் எஞ்சினால், பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் இறந்தவர்களாக மட்டுமே தெரிவார்கள். பெல்பொட்டம் தைக்கத் தையற்காரரோடு சண்டை பிடித்தவர், அகலத் தோடு போட்டதற்குத் தாயிடம் ஏச்சு வாங்கியவர் என்று தெரிந்தால் அவர்கள் வாழ்ந்தவர்களாகத் தெரிவார்கள்.

செய்யக்கூடியவை பெரிய வேலைகளல்ல. கையில் மிஞ்சியிருக்கும் படத்தின் பின்புறத்தில் இடம், ஆண்டு, நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். ஓடாத கசெற்றையும் எறிய வேண்டாம்; உறையில் எழுதிய பாட்டு வரிசையே ஓர் ஆவணம். அச்சிட்ட திருவிழாத் துண்டுப்பிரசுரம், கோஷ்டி விளம்பரம், பாட்டுப் புத்தகம் கிடைத்தால் படமெடுத்து வையுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் இவற்றின் பெறுமதி அறிந்தவை.

எழுத முடியாதவர்களிடம் கேட்டுக் கைத்தொலைபேசியில் பதியலாம். போரைப் பற்றிக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும் பெரியவர்கள் இந்தக் கேள்விகளுக்குப் பேசத் தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முதன்முதலாக டெக்கில் படம் பார்த்தது எந்த வீட்டு முற்றத்தில்? காசு சேர்த்தவர் யார்? அன்றைக்கு என்ன படங்கள், எந்தக் காட்சியில் ஜெனறேற்றர் நின்றது? சைக்கிளை மிதித்தது யார், அவர் இப்போது எங்கே?